மூட்டைக்குள் இருப்பதைச் சொல்லி விற்போம்

"எல்லா மைதாவும் ஒன்றுதான்." நமது மளிகைக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. நெடுங்காலம் இந்தப் பதிலால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. வாங்குபவரும் கேட்டுக்கொண்டார், விற்பவரும் எடை போட்டுக் கொடுத்தார். இன்று நிலைமை மாறி வருகிறது. இந்தப் பதிலைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் கடையை விட்டு இறங்கி, வெளிநாட்டு மாவைக் கைப்பேசியிலேயே ஆர்டர் செய்து, இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர்கள் உருவாகிவிட்டார்கள். அவர்கள் யார், என்ன தேடுகிறார்கள், அவர்களை நாம் ஏன் விட்டுவிடக் கூடாது என்பதை வணிகப் பெருமக்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

வீட்டில் ரொட்டி சுடுபவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். அவர்களில் பலர் எட்டிப் பிடிக்க நினைக்கும் சிகரம், பிரான்ஸ் தேசத்தின் 'பாகெத்' என்னும் நீள ரொட்டி. மேலே மொறுமொறுப்பான ஓடு, உள்ளே பெரிதும் சிறிதுமாகக் கண்கள் விழுந்த மென்மை. இதற்காகவே மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்கி அடுப்படியில் வைத்திருக்கிறார்கள். யந்திரத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தவர், மாவுக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கமாட்டார். ஏன் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்த யாரோ ஒருவர் நாமாக இருக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

நான்கே சரக்கு

பாகெத்துக்கு வேண்டியவை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை, சர்க்கரையும் இல்லை. நான்கில் மூன்று நமது கடையிலேயே இருக்கின்றன. கேக் என்றால் மாவின் குறையை வெண்ணெயும் சர்க்கரையும் ஓரளவு மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. மாவு நன்றாக இருந்தால் ரொட்டி நன்றாக இருக்கும், இல்லையென்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். ஆகவே இந்த ரொட்டி சுடுபவருக்கு மளிகைக்காரர் வெறும் சப்ளையர் அல்ல. பாதி வேலை கடையில் மாவு எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது.

மாவு ஏன் இவ்வளவு முக்கியம்? கோதுமையில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது குளூட்டன் என்ற பசை வலை உண்டாகிறது. ஈஸ்ட் விடும் காற்றை இந்த வலைதான் பிடித்து வைக்கிறது. வலை பலவீனமானால் காற்று தங்காது, ரொட்டி தட்டையாகப் படுத்துவிடும். இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. பரோட்டா மாஸ்டர் ஒருவர் குறிப்பிட்ட ஆலையின் மூட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது எதற்காக? வீசி இழுக்கும்போது கிழியாமல் வரவேண்டும் என்பதற்காகத்தான். பிஸ்கட், கேக் போடுபவர் அதே மூட்டையை வேண்டாம் என்பார், அவருக்கு இழுவை இல்லாத மாவு வேண்டும். எந்த மூட்டை இழுக்கும், எந்த மூட்டை இழுக்காது என்பது நமது மொத்த வியாபாரிகளுக்கு மனப்பாடம். ஓட்டல்காரருக்குச் சொல்லும் இந்த விவரத்தை ஒரு கிலோ வாங்க வரும் இல்லத்தரசிக்கு நாம் சொல்வதில்லை. பிரச்சினை அங்கேதான்.

சட்டமும் இதில் நமக்கு அதிகம் உதவுவதில்லை. நமது உணவுப் பாதுகாப்பு விதிகள் மைதாவில் உலர்ந்த குளூட்டன் 7.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சாம்பல் அளவு 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சொல்கின்றன. அந்த வரம்புக்குள் இருப்பவை எல்லாம் மைதாதான். எட்டு சதவீதமும் மைதா, பதினொரு சதவீதமும் மைதா. சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. சுடுபவருக்கோ இரண்டும் இரண்டு சரக்கு.

பிரான்சில் மாவை எண் சொல்லிக் கேட்பார்கள். டி 55, டி 65 என்பவை அங்கே வழக்கமான பெயர்கள். மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு என்பதைக் காட்டும் எண் அது. 55 என்றால் சுமார் 0.55 சதவீதம். எண் கூடக் கூட மாவில் தவிட்டின் பங்கு கூடுகிறது, நிறமும் ருசியும் கூடுகின்றன. அங்கே மாவுப் பையை வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியிலேயே தெரிந்துவிடுகிறது.

யந்திரம் கெடுத்ததும், பெயர் காத்ததும்

பாகெத்தின் வரலாற்றில் வணிகர்களாகிய நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சு மக்கள் கலப்பட மாவில் சுட்ட கறுத்த ரொட்டியைத் தின்று அலுத்துப் போயிருந்தார்கள். போர் முடிந்தபின் வெள்ளை வெளேர் என்ற ரொட்டிக்கு ஏங்கினார்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து பேக்கரிகள் அதிவேக யந்திரங்களில் மாவை நீண்ட நேரம் பிசையத் தொடங்கின. வேகமாகப் பிசையும்போது மாவுக்குள் காற்று அதிகம் புகுந்து, மாவின் இயற்கையான இளமஞ்சள் நிறத்தை வெளுத்துவிடும். ரொட்டி பெரிதாக உப்பியது, பார்க்கப் பளிச்சென்று இருந்தது. புளிக்க வைக்கும் நேரத்தையும் குறைத்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் நிறத்தோடு ருசியும் போய்விட்டது. காலையில் வாங்கிய ரொட்டி சாயங்காலத்துக்குள் சப்பென்று ஆனது.

ரேமோன் கால்வெல் என்ற ரொட்டிக் கலைப் பேராசிரியர் இதை எதிர்த்து ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தார். யந்திரமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, யந்திரத்தை அடக்கி ஓட்டச் சொன்னார். 1974இல் அவர் கொண்டுவந்த முறை மிக எளியது. மாவையும் தண்ணீரையும் மட்டும் மெதுவாகக் கலந்து சும்மா விட்டுவிட வேண்டும். அந்த ஓய்வு நேரத்தில் குளூட்டன் வலை பெரும்பகுதி தானாகவே பின்னிக்கொள்ளும். அதன்பின் சிறிது நேரம் பிசைந்தால் போதும். ரொட்டியின் நிறமும் மணமும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து வந்த ஆபத்து இன்னும் பெரிது. தொழிற்சாலையில் செய்து உறைய வைத்த மாவை வாங்கிவந்து, சூடு மட்டும் காட்டி விற்கும் சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகின. அவர்கள் விற்ற விலைக்குச் சிறிய பேக்கரிக்காரரால் விற்க முடியவில்லை. இந்த நிலையில் பிரெஞ்சு அரசாங்கம் எந்த வழியில் உதவியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1993 செப்டம்பர் 13 அன்று ஓர் ஆணை வந்தது. 'பிரெஞ்சுப் பாரம்பரிய ரொட்டி' என்ற பெயரில் விற்பதானால் எந்தக் கட்டத்திலும் உறைய வைத்திருக்கக் கூடாது, ரசாயனச் சேர்க்கை எதுவும் இருக்கக் கூடாது. 'இங்கேயே செய்த ரொட்டி' என்று எழுதினால் பிசைவதிலிருந்து சுடுவது வரை விற்கும் இடத்திலேயே நடக்க வேண்டும். 1998 மே மாதம் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. தாமே மாவு பிசைந்து, புளிக்க வைத்து, உருட்டி, சுடாதவர் கடைக்கு 'பேக்கரி' என்ற பெயர்ப் பலகையே மாட்டக் கூடாது என்றது.

கவனியுங்கள். பெரிய கடைகளை மூடச் சொல்லவில்லை. மலிவாக விற்காதே என்றும் சொல்லவில்லை. எதை எந்தப் பெயரில் விற்கிறாயோ அது அதுவாகவே இருக்க வேண்டும் என்றது, அவ்வளவுதான். சிறு வணிகருக்கு அந்த நேர்மையான பெயரே காவல் ஆனது. 2022 நவம்பரில் யுனெஸ்கோ அமைப்பு பாகெத் செய்யும் கைத்திறனையும் அதைச் சார்ந்த பண்பாட்டையும் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பாரம்பரிய பாகெத் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழரான தர்ஷன் செல்வராஜா என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. அந்தப் பரிசு பெறுபவரின் ரொட்டி ஓராண்டு காலம் பிரெஞ்சு அதிபர் மாளிகைக்குப் போகும். மண்ணின் மைந்தருக்குத்தான் கைவரும் ரகசியம் என்று எதுவும் இதில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வீட்டு யந்திரத்தில் நடப்பது

ஸ்டாண்ட் மிக்ஸரும் பேக்கரிக்காரருக்காகவே பிறந்தது. 1908இல் அமெரிக்காவின் ஹோபார்ட் கம்பெனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற பொறியாளர் அதை வடிவமைத்தார். 1919இல்தான் வீட்டு உபயோகத்துக்கான சிறிய மாடல் வந்தது. இதில் பாகெத் சுடும் முறையை நமது வணிகர்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கேட்பவருக்குப் பதில் சொல்ல உதவும்.

மாவு 500 கிராம், தண்ணீர் 340 கிராம், உப்பு 9 கிராம், உலர் ஈஸ்ட் 3 கிராம். முதலில் மாவையும் தண்ணீரையும் கொக்கி போட்டு மிகக் குறைந்த வேகத்தில் மூன்று நிமிடம் கலந்து, மூடி அரைமணி நேரம் விட வேண்டும். பிறகு ஈஸ்ட்டும் உப்பும் சேர்த்து இரண்டாம் எண் வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும். அதற்கு மேல் வேகம் வைத்தால் மாவும் கெடும், மோட்டாரும் சூடேறும். ஒன்றரை மணி நேரம் உப்பவிட்டு, நடுவில் இரண்டு முறை நான்கு பக்கமும் இழுத்து மடிக்க வேண்டும். பிறகு மூன்றாகப் பிரித்து, கால்மணி நேரம் ஆறவிட்டு, வீட்டு அவனில் அடங்கும் நீளத்துக்கு உருட்டி, மாவு தூவிய துணியில் முக்கால் மணி நேரம் வைத்து, பிளேடால் மேலே சாய்வாக நான்கைந்து கீறல் போட்டு, 240 முதல் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து நிமிடம் சுட வேண்டும்.

மொறுமொறுப்பின் சூட்சுமம் ஆவியில் இருக்கிறது. அவனின் அடித்தட்டில் ஒரு தட்டைக் காயவைத்து, ரொட்டியை உள்ளே தள்ளியதும் அதில் கொதிநீர் ஊற்றினால் ஆவி சூழ்ந்துகொள்ளும். மேற்பரப்பு உடனே காய்ந்து இறுகாமல் ரொட்டி விரிய இடம் கிடைக்கும். மேலே உள்ள மாவுச்சத்து நீரில் வெந்து கூழாகி, பின்பு காய்ந்து பளபளப்பான ஓடாகும். பத்து நிமிடம் கழித்துத் தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். கடைசி வரை ஆவி இருந்தால் ஓடு இறுகாது, தோல் போல ஆகிவிடும்.

நமது ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. பிசைந்து முடித்த மாவு சுமார் 24, 25 டிகிரியில் இருப்பது நல்லது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஓர் எளிய கூட்டல் வைத்திருக்கிறார்கள். அறையின் சூடு, மாவின் சூடு, தண்ணீரின் சூடு மூன்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தொகை வர வேண்டும். யந்திரத்துக்கு யந்திரம் தொகை மாறும். உதாரணத்துக்கு 60 என்று கொள்வோம். அறையும் மாவும் 20 டிகிரியில் இருந்தால் தண்ணீரும் 20 டிகிரி. நமது ஊரில் அறை 32, மாவு 32, இரண்டும் சேர்ந்தே 64. தண்ணீர் ஊற்றுமுன்பே கணக்கு மீறிவிட்டது! மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 15 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 13 டிகிரி தண்ணீர் போதும். இந்த ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் கடைக்காரரை அந்த வாடிக்கையாளர் எளிதில் மறக்கமாட்டார்.

இன்னொன்று. 340 கிராம் தண்ணீரைக் குளூட்டன் குறைந்த மாவு தாங்காது, கையில் வழியும். அப்படிப்பட்ட மைதாவென்றால் 310 கிராமில் தொடங்கச் சொல்ல வேண்டும். புரதம் அதிகம் என்று எண்ணிச் சப்பாத்தி மாவை வாங்கிப் போனாலும் பலிக்காது. அதில் உள்ள தவிடு பசை வலையை ஆங்காங்கே அறுத்துவிடும், ரொட்டி கனத்துப்போகும். நல்ல மைதாவோடு பத்தில் ஒரு பங்கு சப்பாத்தி மாவு கலந்தால் மட்டும் நிறமும் மணமும் சற்றுக் கூடும்.

ரொட்டியை விற்கவா, மாவை விற்கவா?

பாகெத்தையே வாங்கி வைத்து விற்றால் என்ன என்று சில வணிகர்கள் கேட்கக்கூடும். யோசிக்க வேண்டும். இந்த ரொட்டியை இருப்பு வைக்க முடியாது. உள்ளே உள்ள ஈரம் சில மணி நேரத்தில் ஓட்டுக்கு வந்து அதை நமுத்துப்போகச் செய்யும். பாலிதீன் பையில் போட்டால் இன்னும் வேகமாக நமுக்கும். கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். மிஞ்சினால் நஷ்டம் நம் தலையில். மாவு அப்படியல்ல, வாரக்கணக்கில் நிற்கும். சூடான ரொட்டி சுடுபவர் வீட்டில் இருக்கட்டும். அதற்குரிய நல்ல மாவு நமது கடையில் இருக்கட்டும்.

அதற்கு நாம் செய்ய வேண்டியவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல.

முதலாவது, மைதாவை இரண்டு ரகமாகப் பிரித்து வையுங்கள். இழுவை உள்ளது பரோட்டாவுக்கும் ரொட்டிக்கும், இழுவை குறைந்தது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும். இரண்டுக்கும் தனித்தனி அட்டை எழுதி வையுங்கள். தெரியாததை எழுதாதீர்கள். சாதாரண மைதாவுக்கு 'ஸ்பெஷல் ரொட்டி மாவு' என்று பெயர் சூட்டி விலை ஏற்றினால் ஒருமுறை விற்கும், மறுமுறை அவர் வரமாட்டார்.

இரண்டாவது, ஈஸ்ட். இது உயிருள்ள சரக்கு. வெயில் படும் அலமாரியில் வைத்தால் தேதி இருந்தும் உயிர் இருக்காது. குளிர்ச்சியான இடத்தில், முன்னால் வந்தது முன்னால் போகும்படி வையுங்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்படி வாங்குபவரிடமும் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சர்க்கரையோடு போட்டுப் பத்து நிமிடத்தில் நுரைத்தால் நல்ல ஈஸ்ட்.

மூன்றாவது, கடையிலேயே பொட்டலம் கட்டி வைத்து விற்பவர்கள் பொட்டலச் சரக்கு விதிகளை மறக்கக் கூடாது. கட்டியவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விற்பனை விலை முதலியவை கட்டாயம். நல்ல நோக்கத்தோடு செய்த வேலைக்கு அபராதம் கட்ட வேண்டாம்.

நான்காவது, மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆலையிலிருந்து மூட்டை வாங்கும்போது ஈரப்பதம், குளூட்டன், சாம்பல் ஆகிய மூன்று அளவுகளையும் பில்லோடு கேட்டு வாங்குங்கள். ஆலைகள் வழக்கமாகச் சோதித்துப் பார்க்கும் அளவுகள்தான் இவை. மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைக்கும் அந்த விவரம் சரக்கோடு போகட்டும். தனித்தனியாகக் கேட்டால் ஆலைக்காரர் காதில் ஏறாது. சங்கங்கள் சேர்ந்து கேட்டால் மறுக்க முடியாது.

கூட்டம் சிறிதுதானே?

"வீட்டில் பிரெஞ்சு ரொட்டி சுடுபவர் தெருவுக்கு ஒருவர் இருப்பாரா? இதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்ற கேள்வி நியாயமானதே. இந்தக் கூட்டம் சிறிதுதான். மைதா அதிகம் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதல்ல என்ற எண்ணம் மக்களிடம் பரவி வருவதும் உண்மை. பாகெத்தால் நமது கல்லா நிரம்பிவிடும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் மாவைப் பற்றிய விவரம் பாகெத்துக்கு மட்டும் உதவுவதில்லை. பூரி உப்பாதவருக்கும், கேக் கல்லாகிப் போனவருக்கும், பன் சரியாக வராத சிறிய பேக்கரிக்காரருக்கும் அதே விவரம்தான் தேவை. அரிசியில் நாம் இதைச் செய்துகொண்டுதானே இருக்கிறோம்! பழைய அரிசியா புதிய அரிசியா, இட்லிக்கா சாப்பாட்டுக்கா என்று கேட்காமல் எந்த மளிகைக்காரர் அரிசி போடுகிறார்? பொன்னி வேண்டுமென்று வந்தவரிடம் எல்லா அரிசியும் ஒன்றுதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். மைதாவுக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம் என்கிறோம்.

விலையைக் குறைத்துப் பெரிய நிறுவனங்களோடு போட்டி போட நம்மால் நெடுநாள் முடியாது. வீட்டு வாசலில் பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேகத்திலும் அவர்களோடு ஓட முடியாது. பிரெஞ்சுப் பேக்கரிகள் வேகத்தின் பின்னால் ஓடி ருசியை இழந்த கதையைப் பார்த்தோம். சரக்கின் குணத்தை அறிந்து, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே அவர்களைத் தாங்கிப் பிடித்தது. நமது முன்னோர் தானியத்தைக் கையில் அள்ளிப் பார்த்தே குணம் சொன்னவர்கள். அந்தக் கைப்பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதை வாய் திறந்து வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கமும் வர வேண்டும். அடுத்த மூட்டை இறங்கும்போதே அந்த மூன்று அளவுகளையும் கேட்டுத் தொடங்குவோம்.